கினிப்பன்றிக்கு வேறோர் இல்லம்



அரசாங்க ஊழியர் ஒருவருக்கு இடமாற்றக் கட்டளை வந்துவிட்டால், தட்டுமுட்டுப் பொருள்களைப் பொதி செய்வது பெரிதன்று. பிள்ளைகள் வளர்த்த பிராணிகளை என்செய்வது என்பதே பெரிய கேள்வி. நாயைப் பாட்டனார் வீட்டில் விடுவர். பூனை தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பர். அதை நான் ஒப்புக்கொள்பவன் அல்லன். கூட்டிலிருக்கும் இரண்டு கினிப்பன்றிகளோ ஒருவருடைய கணக்கிலும் வருவதில்லை.

கடைசி நாளில் அவற்றை வேலியோரம் திறந்துவிட்டு, 'புல் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும்' என்று புறப்பட்டோர் உளர். தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதரை அண்டி வாழ்ந்த இனம் அது. நாயோ கீரியோ கண்ணுறும் வரையிலேதான் அதன் ஆயுள்.

பாடசாலைக்குத் தருகிறோம் என்று என்னிடம் வரும் பெற்றோருக்கு நான் மறுப்பே கூறுவதுண்டு. தவணை விடுமுறையில் அதற்குப் புல்லும் நீரும் வைப்பவர் யார்?

கேட்பது பிள்ளையாயினும் பேசவேண்டியது தாய் தந்தையரோடு. இப்பிராணி ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழும். ஐந்தாம் வகுப்பிலே அதனைப் பெற்ற பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போதும் அது புல் கேட்டுக் கீச்சிட்டுக்கொண்டிருக்கும். இதைச் சொன்னதும் முகம் மாறுகிறவருக்குக் கொடாதிருத்தல் நன்று.

அடுத்து, கூடு வைக்கும் இடத்தை நேரிற் சென்று பாருங்கள். வெப்பம் 30 பாகை செல்சியசை நெருங்கினாலே அதற்குத் துன்பம். தகரக் கூரையின்கீழ் நண்பகலில் அது மாண்டுபோதலும் கூடும். உணவைப் பற்றியும் கேளுங்கள். மனிதரைப் போலவே கினிப்பன்றியும் விற்றமின் சி சத்தைத் தன்னுடலில் ஆக்கவியலாதது. முயற்றீனி மட்டும் போதாது; நாள்தோறும் பச்சிலையும் சிறு துண்டு கொய்யாவும் வேண்டும். நம் தெருவோரங்களில் மண்டிக் கிடக்கும் கினிப்புல் ஆபிரிக்காவினது. பெயரளவிலன்றி இதனோடு உறவில்லாதது. ஆயினும் நல்ல உணவு, களைநாசினி படாத இடத்தில் அறுத்ததாயின்.

இணைந்து வாழ்ந்த இரண்டையும் வீட்டுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பது கொடுமை. தனியே ஒன்றை வைத்திருத்தலை சுவிற்சர்லாந்து 2008ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்துவிட்டது. அதற்காக ஆணையும் பெண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிடலாகாது. கர்ப்பகாலம் ஏறக்குறைய இரண்டு மாதம். ஈன்ற அன்றே மீண்டும் கருக்கொள்ளும். மூன்று வாரக் குட்டியிலேயே ஆண் இனவிருத்திக்குரியதாகிவிடும். இரண்டு பத்தானால், ஏற்றவரும் உங்களைப் போலவே வீடு வீடாக அலைவார். மிருக வைத்தியரைக் கொண்டு ஆண் பெண் தெரிந்து கொடுங்கள்.

'இலவசம்' என்று சந்தியில் எழுதி ஒட்டாதீர்கள். சிறு தொகையேனும் கேளுங்கள். கூட்டையும், பழகிய படுக்கைப் புல்லில் ஒரு பிடியையும் உடன் அனுப்புங்கள். முடியாதுபோனால் உங்களுக்கே அறிவிக்கும்படி முதலிலேயே சொல்லிவையுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, நிறுத்துப் பார்த்தீர்களா என்று வினவுங்கள். நோயை மறைத்து வாழும் பிராணி அது. நிறை குறைதலே பெரும்பாலும் முதலிற் புலப்படும் அறிகுறி.