பிள்ளைக்குப் படிப்பு ஏறலைன்னா என்ன செய்யலாம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ரெண்டு மாடு, குழுக் கூட்டம், இதுதான் என் உலகம். கடன் வாங்கித் தொழில் செய்தது பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு வேற. படிப்பில் சிரமப்படுற பிள்ளைகளையும், மனசு சரியில்லாத பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் எப்படிக் கண்டுபிடிக்குது, என்ன உதவி செய்யுது என்பதுதான் தலைப்பு. என் மூத்த மகன் மூலமா இதில் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டேன். அதனால என்னைப் பேசச் சொன்னாங்க.

என் மகன் மூணாவது படிக்கும்போது, கடைக்கு அனுப்பினா மீதிச் சில்லறையைக் காசு குறையாம வாங்கிட்டு வருவான். குழுவில் 5,000 ரூபாய்க்கு நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னா மாசம் 50 ரூபாய்னு நான் நோட்டை எடுக்கிறதுக்குள்ள சொல்லிடுவான். ஆனா புத்தகத்தைக் கையில் கொடுத்தா அழுகை வந்துடும். கொம்பு எங்கே போடணும், துணைக்கால் எங்கே போடணும்னு தெரியாது. 'கொ' எழுதச் சொன்னா ஒரு நாள் 'கெ', ஒரு நாள் 'கா'. 12-ஐ 21-ன்னு எழுதுவான். ஒரு வரி வாசிச்சா அடுத்த வரியைத் தாண்டிப் போயிடுவான். அப்போ இருந்த ஒரு டீச்சர் அவனை வகுப்புக்கு வெளியே நிக்க வெச்சாங்க. கூடப் படிச்ச பிள்ளைங்க 'மக்கு'ன்னு பேர் வெச்சாங்க. சொந்தக்காரங்க, "நாலு ஆடு வாங்கிக் கொடுத்துடு, படிப்பு எதுக்கு"ன்னு சொன்னாங்க.

அடுத்த வருஷம் வேற டீச்சர் வந்தாங்க. அவங்க என்னைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல கதை சொன்னா திருப்பிச் சொல்றானா?" என்பதுதான். "நல்லாச் சொல்வாங்க டீச்சர், ஒரு சொல் விடாம சொல்வான்"னு சொன்னேன். அதை ஒரு தாளில் எழுதிக்கிட்டாங்க. வட்டிக் கணக்கு போடுறதையும் சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க. அன்னிக்கு எனக்கு ஒன்னு புரிஞ்சது. பள்ளிக்கூடம் பார்க்கிறது பாதிப் பிள்ளையை. மீதிப் பாதியை நாமதான் பார்க்கிறோம். ரெண்டையும் சேர்த்து வெச்சாத்தான் விஷயம் தெரியும்.

படிப்பு ஏறாததுக்குக் காரணம் ஒன்னு இல்லை, பல. கண் சரியாத் தெரியாத பிள்ளை கரும்பலகையை எப்படிப் பார்த்து எழுதும்? காதில் சீழ் வடியுற பிள்ளைக்கு டீச்சர் சொல்றது பாதிதான் கேட்கும். ரத்தசோகை இருந்தா சோர்ந்து போய் உட்கார்ந்திருக்கும். அதனால முதல்ல கண், காது, உடம்பைப் பார்க்கணும். இதுக்காகவே அரசு நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு வருஷத்துக்கு ஒரு முறையும் வருது. அந்த நாளில் பிள்ளையை லீவு போட வைக்காதீங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் எழுத்தும் எண்ணும் மட்டும் பிடிபடலைன்னா, அதுக்குக் கற்றல் குறைபாடுன்னு பேர். அதில் வாசிக்கிறதில் வர்ற சிரமத்தை டாக்டர்கள் டிஸ்லெக்சியான்னு சொல்வாங்க. இது அறிவுக் குறைவு இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இருக்கிற 21 வகைகளில் இதுவும் ஒன்னு.

எங்க டீச்சர் தகவல் கொடுத்ததும், வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வந்தாங்க. இவங்க ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அரசு போட்டிருக்கிற ஆட்கள். அவன் நோட்டை எல்லாம் புரட்டிப் பார்த்தாங்க, வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க, என்கிட்டயும் அரை மணி நேரம் பேசினாங்க. பிறகு மருத்துவ முகாமுக்கு எழுதிக் கொடுத்தாங்க. அங்கிருந்து அரசு மருத்துவமனையில் மனநல நிபுணர்கிட்ட அனுப்பினாங்க. சோதனை ஒரே நாளில் முடியலை, நாலு தடவை போனோம். பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் நம்ம குழுவில்தான் 3,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். இந்த இடத்தில் குழுவுக்கு நன்றி சொல்லிக்கிறேன்.

கண்டுபிடிச்ச பிறகு பெரிய செலவு ஒன்னும் இல்லை. அவனை முதல் பெஞ்சில் உட்கார வெச்சாங்க. திடீர்னு எழுந்து சத்தமா வாசின்னு சொல்றதை நிறுத்தினாங்க. எழுதுறதுக்குப் பதிலா வாயால் பதில் சொல்ல விட்டாங்க. அட்டையில் ஒரு வரி அளவுக்குச் சன்னல் வெட்டிக் கொடுத்தாங்க. அதை வரி மேல் வெச்சு நகர்த்தினா வரி தாண்டாது. வீட்டில் நான் முறத்தில் கேழ்வரகு பரப்பி, விரலால் எழுத்து எழுத வெச்சேன். கோலப்பொடியிலும் எழுதினான். ஒரு நாளைக்கு ரெண்டு எழுத்து, அவ்வளவுதான். இப்போ ஒன்பதாவது படிக்கிறான். இன்னமும் மெதுவாத்தான் வாசிக்கிறான். இது மருந்து கொடுத்தாக் குணமாகுற காய்ச்சல் இல்லை. ஆனா பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அழறதில்லை.

சான்றிதழ் வாங்குற சமயத்தில் வீட்டில் பெரிய பேச்சு வந்தது. "ஊனம்னு எழுதி வாங்கப் போறியா? நாளைக்கு இவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கறப்ப கேட்க மாட்டாங்களா?"ன்னு பெரியவங்க கேட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கும் யோசனைதான். சான்றிதழ் இருந்தா, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தலைமை ஆசிரியர் மூலமா விண்ணப்பிச்சு, சொல்றதை எழுத ஒரு ஆள், கூடுதலா ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு மாதிரிச் சலுகைகள் கேட்கலாம். சான்றிதழ் இல்லைன்னா கிடைக்காது. எட்டு வயசுக்கு முன்னாடி இந்தக் குறைபாட்டுக்குச் சான்றிதழும் தர மாட்டாங்க. கடைசியில் மகனையே கேட்டோம். "எழுத ஆள் கொடுத்தா நான் பாஸ் பண்ணிடுவேன்மா"ன்னு சொன்னான். அவங்க அப்பா மறுநாளே கூட்டிட்டுப் போனார்.

அடுத்து மனசு சம்பந்தப்பட்டது. இது இன்னும் கண்ணுக்குத் தெரியாது. நல்லாப் படிச்ச பிள்ளை திடீர்னு பின்தங்குது, விளையாடப் போறதில்லை, சரியாச் சாப்பிடுறதில்லை, எதுக்கெடுத்தாலும் கோபப்படுது. பள்ளிக்கூட நாளில் காலையில் வயித்து வலி, ஞாயித்துக்கிழமை வலியே இல்லை. இப்படி இருந்தா நடிப்புன்னு தள்ளாதீங்க. அப்பா குடி, வீட்டுச் சண்டை, யாராவது இறந்து போனது, பள்ளியில் கேலி, வெளியே சொல்ல முடியாத தொந்தரவு, இதில் எது வேணும்னாலும் உள்ளே இருக்கலாம். கோயிலில் கயிறு கட்டுறவங்க கட்டிக்கோங்க. அதோட வகுப்பாசிரியர்கிட்டயும் போய்ப் பேசுங்க, டாக்டர்கிட்டயும் காட்டுங்க. பள்ளியில் 'மாணவர் மனசு'ன்னு ஒரு பெட்டி உண்டு, பிள்ளைங்க எழுதிப் போடலாம். பிள்ளைக்கு ஆபத்துன்னா 1098, பள்ளி சம்பந்தமான உதவிக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416. இந்த மூணு எண்ணையும் அடுப்படிச் சுவரில் எழுதி வைங்க.

எல்லாப் பள்ளியிலும் எல்லாம் தானா நடக்கும்னு நான் சொல்ல வரலை. ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைப் பார்க்கணும். நாம கேட்டாத்தான் நம்ம ஊருக்கு வருவாங்க. கேட்கிறதுக்கு நமக்கு இடமும் இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும். நம்ம ஊர்ப் பக்கம் அந்தக் குழுக்களில் சுய உதவிக் குழு உறுப்பினருக்கும் இடம் கொடுத்திருக்காங்க.

அதனால கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று, மாசக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடிச்சதும், "யார் வீட்டுப் பிள்ளையாவது பள்ளிக்கூடம் போக அழுதா?"ன்னு ஒரு கேள்வி கேட்கணும்.

இரண்டு, மேலாண்மைக் குழுவில் இருக்கிற நம்ம பெண்கள், சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கிழமை வர்றாங்கன்னு கேட்டு, ஊருக்குத் தெரிய வைக்கணும்.

மூன்று, மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போற உறுப்பினருக்கு உள்கடனில் முன்னுரிமை கொடுக்கணும்.

எங்க தெருவிலேயே இப்போ ரெண்டாவது படிக்கிற ஒரு பெண் குழந்தை இருக்கு. அவளும் எழுத்தைப் பார்த்தா ஒதுங்குறா. அவ அம்மா நம்ம உறுப்பினர்தான். என் மகன் மாதிரி அவ வகுப்புக்கு வெளியே நிக்க வேண்டாம். அடுத்த வாரம் டீச்சரைப் பார்க்க நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போறோம்.