குரோமும் கேணியும்

(தாம்பரத்தில், மாணவரும் தொழிலாளரும் கலந்திருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாம்பரத்திலே மின்சார ரயில் ஏறி வடக்கு நோக்கிச் சென்றால், சானடோரியத்தை அடுத்து வருவது குரோம்பேட்டை. ஆற்றின் பெயர் தாங்கிய ஊருண்டு. ஆண்டவன் பெயர் தாங்கிய ஊருண்டு. அரசன் பெயரும் ஆங்கிலேயத் துரையின் பெயரும் தாங்கி நிற்கும் பேட்டைகளும் உண்டு. ஆனால் ஓர் உலோகத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் எத்தனை? குரோம்பேட்டை அப்படிப்பட்ட ஊர். குரோமியம் என்ற உலோகத்தின் உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட குரோம் லெதர் தொழிற்சாலை, 1912-ஆம் ஆண்டு வாக்கில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயரால் அங்கே எழுப்பப்பட்டது. தொழிற்சாலை மறைந்தது, பெயர் நிலைத்தது.

அதே குரோம்பேட்டையை ஒட்டி இன்னோர் இடம் இருக்கிறது: நாகல்கேணி. கேணி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் உரை எழுத வேண்டியதில்லை. ஓர் ஊருக்கு இரசாயனத்தின் பெயர். ஒட்டி நிற்கும் ஊருக்கு ஊற்றுநீரின் பெயர். இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே நூறாண்டாக நடந்து வரும் வழக்கைப் பற்றித்தான் பேச வந்தேன்.

“கல்லூரியைப் பாதியிலே விட்டுவிட்டு, கொட்டகைக்கும் மேடைக்கும் வந்தவன், கல்வியைப் பற்றியும் ஆராய்ச்சியைப் பற்றியும் பேசுவதா?” என்று கேட்பார் உண்டு. கேட்கட்டும். ஆராய்ச்சி செய்பவர் பட்டம் பெற்றவராக இருக்கலாம். அதன் விளைவு கலந்த நீரைக் குடிப்பவரிடம் யாரும் பட்டம் கேட்பதில்லையே!

கதையின் முதற்காட்சி தாம்பரத்திலே அல்ல, சென்னைப் பட்டணத்திலே தொடங்குகிறது. 1850-ஆம் ஆண்டு, அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையிலே ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். இன்று எழும்பூரிலே அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்பது அதுதான். 1897-இல் அந்தப் பள்ளியின் பொறுப்பு ஆல்பிரட் சாட்டர்டன் கைக்கு வந்தது. அவர் ஓவியரல்லர், பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். கலைப்பள்ளிக்குப் பொறியியல்காரரா என்று வியக்காதீர்கள். அந்த நாளில் கலை, கைத்தொழில், தொழில்நுட்பம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தின. அடுத்த ஆண்டே அங்கே அலுமினியத் தகட்டைத் தட்டிப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். ஏழை வீட்டு அடுப்படியிலே இன்றும் இருக்கும் அலுமினியப் பாத்திரத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், ஓவியப் பள்ளியின் வாசலிலே போய் நிற்போம்!

பிறகு, 1903-ஆம் ஆண்டை ஒட்டி, குரோம் முறையிலே தோல் பதனிடும் சோதனை அதே பள்ளியில் தொடங்கியது. நோக்கம் என்ன? பெருமுதலாளியின் பெட்டியை நிரப்புவதா? அன்று. நம் உழவன் கிணற்றிலே கவலை இறைத்தான். அந்தத் தோற்சால் நீரிலே ஊறி ஊறிச் சீக்கிரம் நைந்தது. குரோம் தோலோ நீருக்கு அஞ்சாதது, நெடுநாள் உழைப்பது. உழவனின் சாலுக்கு உறுதி தேடித்தான் குரோம் நம் நாட்டுக்குள் நுழைந்தது. கிணற்றுக்குத் துணையாக வந்தது என்பதை நெஞ்சிலே குறித்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெள்ளை வணிகர் சும்மா இருந்தனரா? சர்க்கார் தொழில் நடத்தினால் எங்கள் வாணிபம் என்னாவது என்று கூக்குரலிட்டனர். அந்தக் குரல் கடல் கடந்து லண்டனிலே மார்லி பிரபுவின் செவியிலே விழுந்தது. 1910-இல், அரசாங்கம் இப்படித் தொழில் நடத்துவதை ஏற்க மாட்டேன் என்று எழுதினார் அவர். கலைப்பள்ளியிலே பிறந்த பதனீட்டுச் சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. பொதுமக்கள் பணத்திலே கண்ட நுணுக்கம் பொதுமக்கள் கையை விட்டுப் போயிற்று. அந்த வணிகரின் கவலையிலே உழவனின் கவலைக்கு இடமில்லை!

அதற்குப் பின்புதான் சேம்பர்ஸ், குரோம்பேட்டை எல்லாம்.

குரோம் ஏன் வென்றது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் முன்னோர் ஆவாரம்பட்டையை ஊறவைத்து, அந்தச் சாற்றிலே தோலைப் பதனிட்டனர். அதற்கு வாரக்கணக்கிலே நாள் பிடிக்கும். குரோமுக்கு ஒரு நாளே போதும். தோல் மெலிதாகும், வளையும், வெந்நீரையும் தாங்கும். பழையது எல்லாம் பொன், புதியது எல்லாம் நஞ்சு என்று பேசுவோரோடு எனக்கு உறவில்லை. ஆனால் சுழலும் பீப்பாயிலே இட்ட குரோம் முழுவதையும் தோல் குடித்துவிடுவதில்லை. வழக்கமான முறையிலே பத்திலே மூன்று பங்கு, நான்கு பங்கு மிஞ்சும். மிஞ்சியது நீலநிறக் கழிவாக வெளியே ஓடும். அதோடு சுண்ணாம்பு ஓடும், சல்பைடு ஓடும், தோல் கெடாதிருக்க முதலிலே தடவிய உப்பு ஓடும். எங்கே ஓடும்?

நான் நாடகம் எழுதுகிறவன். முதல் அங்கத்திலே ஒருவன் நஞ்சுக் குப்பியை மேசைமீது வைத்தால், மூன்றாம் அங்கத்திலே அதைப் பருகுபவன் யார் என்று நான் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் கொட்டகையிலே சீழ்க்கை பறக்கும். நம் தொழிற்கல்வியோ நூறாண்டாக முதல் அங்கத்தை மட்டும் நடத்திவிட்டுத் திரையை இழுத்து விடுகிறது. தோலை எப்படி மென்மையாக்குவது, எப்படி மெருகேற்றுவது, செருப்பை எப்படி வடிவமைப்பது என்று பாடமுண்டு. பீப்பாயைக் கவிழ்த்த பின் நீர் எந்தத் தெருவிலே போயிற்று என்பது பாடமாக வர வெகுகாலம் ஆயிற்று.

1970-களிலே, அரைப்பதனத் தோலை அனுப்பாதே, முழுப் பதனமும் செய்தே அனுப்பு என்ற கொள்கை வந்தது. வேலை பெருகியது, வருவாய் பெருகியது; மறுப்பதற்கில்லை. கழிவும் பெருகியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள், வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கிலே தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் ஆலைகள் நிறைந்த வட்டாரத்திலே ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ அரைகுறையாகவோ பயிருக்குப் பயனற்றுப் போயிற்று என்றும் அந்தத் தீர்ப்பிலே பதிவாகியிருக்கிறது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்த நாட்டின் சட்டமாக நிலைநாட்டிய தீர்ப்பு அது. பாலாற்றங்கரையைப் பற்றித்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அன்றைய செங்கை மாவட்டத்து ஆலைகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன.

மூடிவிட்டால் தீர்ந்தது என்கிறார் ஒருவர். அவர் குளிர்சாதன அறையிலிருந்து பேசுகிறார். சுண்ணாம்புக் குழியிலே முழங்கால் ஆழம் நின்று தோல் புரட்டுகிறவன் யார்? தலைமுறை தலைமுறையாக, தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன் என்று இந்தச் சமூகம் ஊருக்கு வெளியே நிறுத்திய மக்களின் பிள்ளை அவன். அவனோடு வறுமையிலே உழலும் மற்றவரும் உண்டு. தோல் தீட்டு என்றான். தோற்செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்! ஆலை இயங்கினால் அவன் வீட்டுக் கிணறு கெடும். ஆலை நின்றால் அவன் வீட்டு உலை நிற்கும். இரண்டு பக்கமும் அடிபடுகிறவன் ஒருவனே. அவன் பெயரைச் சொல்லி ஆலையதிபர் வாதாடுகிறார். அவன் பெயரைச் சொல்லியே எதிர்வழக்கும் நடக்கிறது. அவனை யாராவது கேட்டார்களா?

கேளாததன் விலையை இராணிப்பேட்டையிலே கண்டோம். 2015 ஜனவரி 31 விடிவதற்கு முன், கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலே சேற்றுக்கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையிலே உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஊரைத் தூய்மையாக்க எழுப்பிய கட்டடம் உயிரைக் குடித்தது! அதே இராணிப்பேட்டையிலே, 1990-களிலே மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவு 1 லட்சம் டன்னுக்கும் மேல்.

ஆராய்ச்சியாளர் தூங்கினார்கள் என்று சொன்னால் அது அநியாயம். அடையாற்றிலே 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அதை வளர்த்தவர் நாயுடம்மா. ஆய்வுக்கூடம் ஆலைக்கும் கிராமத்துக்கும் இறங்கி வரவேண்டும் என்பதிலே உறுதியாக நின்றவர். கழிவுநீரிலிருந்து குரோமை மீட்டு மீண்டும் பயன்படுத்தும் வழியை அந்த நிலையம் தந்தது. சுண்ணாம்பும் சல்பைடும் இன்றி நொதியைக் கொண்டு மயிர் நீக்கும் முறையைத் தந்தது. அண்மை ஆண்டுகளிலே, குரோம் ஏற்றும் கட்டத்திலே நீரே சேர்க்காத பதனீட்டையும் கண்டது. பல்லாவரத்து ஆலைகளுக்கென்று பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் 1990-களிலே வந்தது. இவற்றைப் போற்றுகிறேன். முதல் அங்கத்தை எழுதிய கல்வியே மூன்றாம் அங்கத்தையும் எழுத முடியும் என்பதற்கு இவை சான்று.

ஆனால் இன்னொன்றைப் பாருங்கள். குரோம்பேட்டை நிலத்தடி நீரை அண்ணா பல்கலைக்கழக நிலவியலார் ஆராய்ந்து 2012-இல் கட்டுரை வெளியிட்டனர். பல கிணறுகளிலே குரோமியம் குடிநீருக்குரிய வரம்பைத் தாண்டி நிற்பதைக் கண்டனர். அரிய உழைப்பு. வெளியானது ஆங்கில ஏட்டிலே. கிணறு யாருடையதோ அவருக்கு அந்தச் செய்தியை அவர் மொழியிலே சொல்வது யார் கடமை? நீரை மொண்டு போகிற ஆய்வாளர் விடையோடு திரும்பி வரவேண்டாமா? ஊரான் கேணியிலே நீர் எடுத்து, உலக ஏட்டிலே பெயர் எடுத்து, ஊரானுக்குச் சொல்லாமல் போவது எந்த அறத்தில் சேர்த்தி?

இதே குரோம்பேட்டையிலே, 1949-இல் சின்னசாமி இராஜம் தம் மாளிகையை விற்று எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். அப்துல் கலாம் அங்கே விமானப் பொறியியல் படித்தார். வானத்தை அளக்கக் கற்றுக்கொடுத்த கல்லூரி அது. அதன் மதிலுக்கு வெளியே உள்ள நிலத்தடியையும் அளக்கும் பாடம், ஒவ்வொரு துறை மாணவனுக்கும் கட்டாயமாக வேண்டும் என்கிறேன். தரமணியிலே 1995-இல் தொடங்கிய தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகத்திலே தோல்பொருள் வடிவமைப்பும் கற்பிக்கிறார்கள். கைப்பைக்குக் கோடு போடுகிற மாணவி, அந்தத் தோல் எந்தப் பீப்பாயிலே உருண்டது, எத்தனை லிட்டர் நீரை விழுங்கியது, யார் கை அதைப் புரட்டியது என்று எழுதிய பக்கம் இல்லாமல் தேர்வுத்தாள் நிறைவு பெறக்கூடாது. கழிவின் கணக்கும் கைவேலையின் மதிப்பெண்ணிலே சேரட்டும்.

கலை படிப்பவருக்கு ஏன் இந்தச் சுமை என்கிறீர்களா? சாட்டர்டன் இருந்த நாற்காலியிலே பின்னாளில் அமர்ந்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. கடற்கரையிலே, பாறையை நெம்பும் நால்வர் சிலையைக் காணாதவர் நம்மிலே உண்டா? உழைப்பாளர் சிலை, 1959-இல் திறக்கப்பட்டது, அவர் வடித்தது. குரோமைத் தந்த பள்ளியின் தலைவரே உழைப்பாளியின் முதுகெலும்பையும் வெண்கலத்திலே வார்த்தார். அவருக்குப் பின் வந்த பணிக்கர், 1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையிலே ஓவியரையும் சிற்பியரையும் திரட்டிச் சோழமண்டலம் கலைக்கிராமத்தை அமைத்தார். பாத்திக்கும் பிற கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசிலே அவர்கள் ஓவியத்தை வளர்த்தனர். மூளை வேறு, கை வேறு என்று பிரிப்பதுதான் நால்வருணத்தின் நாசவேலை. அதை மறுத்துக் காட்டிய இடங்கள் நம் தென்சென்னைப் புறநகரிலேயே இருக்கின்றன. வழி தெரியாமலா தவிக்கிறோம்?

தாம்பரமும் பல்லாவரமும் சேர்ந்து 2021-இல் ஒரே மாநகராட்சியாயின. நம் தோழர்கள் பலர் வட்டந்தோறும் மக்களிடம் பணியாற்றுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வட்டத்துக்குள் ஆராய்ச்சி என்று எவர் வந்தாலும் வரவேற்று, மோர் கொடுங்கள். கிணற்றைக் காட்டுங்கள். குழியிலே நிற்கிறவனோடு உட்கார வையுங்கள். எதை ஆராய வேண்டும் என்பதை அவனும் சேர்ந்து சொல்லட்டும். கண்டதை எந்த நாளில், எந்தத் தெருவில், தமிழிலே சொல்வீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வழியனுப்புங்கள்.

கூட்டம் முடிந்ததும் ஓவியம் பயிலும் மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, “எனக்கு வேதியியல் தெரியாதே, குரோமியத்துக்கு எதிராக நான் என்ன செய்வது?” என்றார். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும், நேற்று வங்கத்திலிருந்து வந்திறங்கிய தொழிலாளிக்கும் ஒரே பார்வையில் விளங்கும்படி, எந்தத் தொட்டி ஆபத்து, எந்த நீரைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எந்தக் கிணற்றிலே குடிக்கக்கூடாது என்று ஆலைச் சுவரிலே பெரிதாக ஒரு படம் வரைந்து தாருங்கள் என்றேன். எழுத்தே இருக்கக்கூடாது என்றேன். எத்தனை அடிச் சுவர் என்று கேட்டார்.