கட்டிலருகே ஒரு பொத்தான்



மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையில், சந்தனக் காட்டினிடையே அமைந்தது மறையூர். கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருப்பினும் தமிழ் வழங்கும் ஊர். அங்கே நம் அத்தையார் இருக்கிறார். எண்பதைக் கடந்தவர், முழங்கால் வலியால் கட்டிலை விட்டு எழுவது அரிது. பழைய பாட்டும் வானொலியுமே அவருக்குத் துணை. கைபேசித் திரையோ அவர் விரலுக்கு வசப்படவில்லை. பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கு ஊரில் இத்தகைய முதியோர் உண்டு அன்றோ?

‘ராஸ்பெர்ரி பை’ என்னும் ஒற்றைப் பலகைக் கணினியால் அவருக்கு ஒரு பாட்டுப்பெட்டி செய்து கொடுத்தோம். 2012-இல் இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்த அக்கணினி, சீட்டுக்கட்டளவே உள்ளது. இணையத்தின் வழியே வானொலியையும் தரும். ஆனால் நிலையத்தை மாற்ற மீண்டும் கைபேசியே வேண்டியிருந்தது. “ஸ்டேஷன் மாத்தறதுக்கு நீ டில்லியிலிருந்து வரணுமாப்பா?” என்றார் அத்தை. அதன் பின்னரே ரிமோட்டைப் பற்றி நினைத்தோம்.

1955-இல் அமெரிக்க ஜெனித் நிறுவனம் ஒளியால் இயங்கும் ரிமோட்டை வெளியிட்டபோது, தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் வெயில் பட்டாலே அது தானாக இயங்கிவிடுமாம். இன்றைய ரிமோட்டுகளுள் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பொளியை நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கச் செய்கின்றன. அத்துடிப்பை மட்டுமே ஏற்று, சீரான வெயிலை ஒதுக்குவது ரிசீவர் என்னும் சிறு கறுப்புப் பொருள். ஆயினும் நேர்வெயில் படாத இடத்தில் வைப்பதே நலம். மறையூரோ மழை மறைவுப் பகுதி, வெயிலுக்குக் குறைவில்லை.

ரிசீவருக்கு மூன்று கால்கள்: மின்சாரம், தரை, செய்தி. எந்தக் கால் எதற்கு என்பது தயாரிப்பாளருக்குத் தக்கபடி மாறும்; விவரத்தாளைப் பார்த்தே இணைக்க வேண்டும். மின்சாரக் காலைக் கணினியின் 3.3 வோல்ட் முனையில் சேர்க்க வேண்டும். 5 வோல்ட்டை ரிசீவர் தாங்கினும், செய்தி பெறும் கணினி முனை தாங்காது.

நாம் இடறியது வேறோரிடத்தில். வழக்கமாகக் காட்டப்படும் 18 என்னும் முனையிலேயே செய்திக் காலை இணைத்தோம். பாட்டும் நின்றது, ரிமோட்டும் பயன்படவில்லை. ஒரு மாலைப்பொழுது வீணான பிறகே உண்மை விளங்கிற்று: ஒலித் தெளிவிற்காக மேலே பொருத்தியிருந்த ‘டாக்’ பலகை, தன் தாளக்கணக்கிற்கு அதே 18-ஐப் பயன்படுத்துகிறது! ஒரே வாயிலில் இருவர் நுழைய முயன்ற கதைதான். காலை 17-க்கு மாற்றி, அமைப்புக் கோப்பிலும் அவ்வெண்ணையே எழுதினோம். பாட்டு மீண்டது.

ரிமோட்டைப் புதிதாக வாங்கவில்லை. பரணில் கிடந்த பழைய தொலைக்காட்சி ரிமோட்டே போதுமானதாயிற்று. ஒவ்வொரு பொத்தானும் தனக்கென ஓர் எண்ணை அனுப்புகிறது. அவ்வெண்களைக் கணினியில் படித்துக் குறித்துக்கொண்டு, நான்கிற்கு மட்டும் வேலை கொடுத்தோம்: நிலையம் மாற்ற, ஒலி கூட்ட, ஒலி குறைக்க, நிறுத்த. எஞ்சியவை ஊமை, தவறி அழுத்தினாலும் கேடில்லை.

அத்தை பெரும்பாலும் ஒலி கூட்டும் பொத்தானையே அழுத்துகிறார். அண்டை வீட்டார் இன்னும் முறையிடவில்லை.