அளவுமானிக்கும் ஓர் அளவு



எங்கள் அரும்பாவூரின் மரச் சிற்பங்கள் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. மரத்தில் உளி பிசகினால் பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரும்பைப் பற்றவைப்பவருக்கோ அந்த வசதி இல்லை. மேலே அழகாய்ப் படிந்த பற்று உள்ளே இணையாமலே இருக்கலாம். திருச்சிராப்பள்ளியில் 1965இல் நிறுவப்பெற்ற பாரத மிகு மின் நிறுவனத்தின் ஆலையில் செய்யப்படும் கொதிகலனை எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான இணைப்புகளில் ஒன்று கசிந்தாலும் மின் நிலையமே நின்றுவிடக்கூடும். அவ்வாலையை ஒட்டியே 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தோன்றியதில் வியப்பில்லை.

மின்னோட்டம் குறைந்தால் இரும்பு ஆழமாக உருகாது. மிகுந்தால் விளிம்பை அரித்துவிடும். ஓட்டம் எவ்வளவு என்று தொழிலாளிக்குச் சொல்வது எந்திரத்தின் முகப்பிலுள்ள அம்மீட்டர்தான். அது பொய் சொன்னால்?

300 ஆம்பியர் வரை காட்டும் முள் மானி ஒன்று இருக்கிறது. அதன் பிழை 2.5 விழுக்காட்டுக்குள் என்று உறுதி கூறப்பட்டிருக்கிறது. நல்ல கருவிதானே என்பீர்கள். அந்த விழுக்காடு முழு அளவுக்கு உரியது. அதாவது எந்த இடத்திலும் 7.5 ஆம்பியர் பிசகலாம். மெல்லிய தகட்டுக்காக 60 ஆம்பியர் வைத்தால், அதே 7.5 ஆம்பியர் 12.5 விழுக்காடாகிவிடுகிறது! ஆகவே ஒரே இடத்தில் சோதித்து மனநிறைவு அடையலாகாது. கீழ், நடு, மேல் ஆகிய மூன்று நிலைகளிலும் சோதிக்க வேண்டும்.

எந்திரத்தை நிறுத்தி, முள் சுழியில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முள்ளுக்கு நேர் எதிரே கண்ணை வைக்க வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து அளவு சொல்லும் பிள்ளைகளை நான் முப்பது ஆண்டுகள் அதட்டியிருக்கிறேன்! பிறகு, நடுங்கும் மின்வில்லுக்குப் பதிலாக நிலையான மின்தடைச் சுமையை இணைத்து, எந்திர மானியையும் சரிபார்க்கப்பட்ட மானியையும் ஒரே வேளையில் படித்துக் குறிக்க வேண்டும். வடத்தைக் கவ்விப் பிடித்து அளக்கும் கவ்வு மானி எளியதுதான். ஆனால் மாறுமின்னோட்டத்துக்கு மட்டும் செய்யப்பட்ட வகை நேர்மின்னோட்டத்தை அளக்காது. அதற்கு உரிய வகையையோ 'ஷன்ட்' என்னும் சிறு மின்தடையையோ நாட வேண்டும். 300 ஆம்பியர் பாயும்போது 75 மில்லிவோல்ட் தரும் ஷன்ட்டின் தடை 0.00025 ஓம் மட்டுமே. ஓமின் விதி இங்கே கூலி வேலை செய்கிறது!

வோல்ட்மீட்டரில் வேறொரு சூது உண்டு. முகப்பு மானி காட்டுவது எந்திர முனையின் அழுத்தம், வில்லின் அழுத்தமன்று. 35 சதுர மில்லிமீட்டர் செப்பு வடம், போக வர 60 மீட்டர் என்று கொள்ளுங்கள். தடை ஏறத்தாழ 0.03 ஓம். 150 ஆம்பியர் பாய்ந்தால் 4.5 வோல்ட் வடத்திலேயே வெப்பமாய்க் கழிந்துவிடும். முனையில் 26 இருந்தாலும் வில்லுக்கு எட்டுவது 21.5தான். மானி மெய் சொல்லியும் மனிதர் ஏமாறும் இடம் இது. தொழிலாளியின் கையைக் குறைகூறும் மேற்பார்வையாளர் முதலில் இவ்வடத்தை அளந்து பார்த்தால் நல்லது.

வேறுபாடு கண்டபின் திருகி முள்ளைத் திருத்தலாம். இயலாவிட்டால், '120 என்று காட்டினால் உண்மை 128' என்பது போன்ற திருத்த அட்டவணையை எந்திரத்திலேயே ஒட்டலாம். சோதித்த நாளும் அடுத்த சோதனை நாளும் அதில் இருத்தல் வேண்டும்.

சரி, அந்தச் சோதனை மானியைச் சரிபார்ப்பது யார்? அதனினும் நுட்பமான ஆய்வகக் கருவி. அந்த ஆய்வகத்துக்கும் மேலே புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. ஆம்பியரின் வரையறையோ 2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்ட அளவையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. கம்பிக் கதவு செய்யும் சிற்றூர்ப் பட்டறையின் மானி வரை அச்சங்கிலி நீள்கிறது.