வெட்கப்பட்டு மறைக்கிற நோய்
(தன்னாமுனையில் நடந்த சங்கக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சம்பளம், காணி, வீடு என்று பேசித்தான் நமக்குப் பழக்கம். இன்று மலையிலிருந்து வந்தவர்களும், கலவரங்களில் அடிபட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்களும் வாவிக்கரையில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். பெரட்டுக்களத்தில் பேச முடியாத ஒன்றை இங்கே பேசுவோம். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணன், வயது நாற்பத்திரண்டு. தாம்பத்தியத்தில் பலவீனம். யாரிடமும் சொல்லவில்லை. பஸ் நிலையத்து நோட்டீசைப் பார்த்து லேகியம் வாங்கினார். கடைக்கடன் ஏறியது. வீட்டில் மனைவி மீது எரிச்சல், பிறகு கசிப்பு. காலில் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தெரிந்தது, அவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம்.

ஆண்மை என்பது பெரும்பாலும் இரத்தக் குழாயும் நரம்பும் செய்கிற வேலை. சீனியும் பிரஷரும் புகையும் அந்தக் குழாய்களைக் கெடுக்கும். நெஞ்சுக்குப் போகிற குழாய்களைவிட அவை சிறியவை. அதனால் அங்கே முதலில் தெரிகிற கோளாறு, மாரடைப்புக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

சாப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற டாக்டர் 1958இல் ஈரானின் சிராஸ் நகரில் ஒரு நோயாளியைப் பார்த்தார். வயது 21. பார்த்தால் பத்து வயதுப் பையன், பருவமே அடையவில்லை. அவன் சாப்பிட்டது ரொட்டி, கூடவே களிமண். துத்தநாகச் சத்து இல்லாததே காரணம் என்று பிரசாத் கண்டார். பின்னர் எகிப்தில் அப்படிப்பட்டவர்களுக்கு அந்தச் சத்தைக் கொடுத்தபோது வளர்ந்தார்கள், பருவமும் அடைந்தார்கள். (லயத்துச் சுவர் மண்ணை நக்குகிற பிள்ளைகளை எங்கள் வகுப்பிலும் பார்த்திருக்கிறோம். அடிக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.)

நமக்கு அந்த அளவு குறைபாடு என்று சொல்ல வரவில்லை. ஆனால் காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், இரவிலும் அதுவே என்றால் உடம்பு எதைக் கொண்டு ஓடும்? துத்தநாகம் நண்டு, இறைச்சி, முட்டை, பயறு, கடலையில் இருக்கிறது. பி12 விட்டமின் மீன், முட்டை, பால், இறைச்சியில்தான் கிடைக்கும், மரக்கறியில் இல்லை. அது குறைந்தால் கைகால் விறைக்கும், நரம்பு கெடும். சீனிக்கு மெட்போர்மின் குளிசை நெடுநாள் குடிப்பவர்களுக்கும் அது குறையலாம். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கிளினிக்கில் கேளுங்கள். வாவிக்கரையில் இருப்பவர்களுக்கு மீன் பக்கத்தில். மலையில் இருப்பவர்கள் கருவாடாவது, வாரத்தில் சில முட்டையாவது பாருங்கள். இதுவும் சம்பளத்தில் வந்துதான் முட்டுகிறது, தெரியும்.

குறைபாடு இல்லாதவருக்கு விட்டமின் போத்தல் வீரியம் தராது. லேகியத்தில் இன்னொரு ஆபத்து: சிலதில் சில்டெனாபில் என்ற ஆங்கில மருந்தைக் களவாகக் கலக்கிறார்கள். நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் குளிசை வைப்பவர் அதைச் சாப்பிட்டால் பிரஷர் சடாரென்று விழுந்து உயிரே போகலாம்.

பிள்ளை இல்லாத வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மருமகளை மட்டும் கோவில் கோவிலாக, டாக்டர் டாக்டராக இழுக்காதீர்கள். குறை ஆணிடமும் இருக்கலாம். ஆணுக்கான விந்துப் பரிசோதனைதான் சுலபம். இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சீனியும் பிரஷரும் பார்க்கக் காசில்லை. துண்டு எடுக்கிற இடத்தில் காரணம் சொல்லக் கூச்சமாக இருந்தால், "சீனி பார்க்க வந்தேன்" என்று சொல்லுங்கள். மற்றதை உள்ளே போய் டாக்டரிடம் சொல்லலாம்.