கால் மரத்துப்போனால் பி12 பாருங்கள்

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குச் சர்க்கரை வந்து 12 வருஷம் ஆகிறது. போன மாதம் ஒருநாள், ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்று விழுந்தது தெரியாமல் தெருமுனை வரை நடந்து போயிருக்கிறார். சர்க்கரை இருந்தால் கால் மரத்துத்தானே போகும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். டாக்டர் பி12 வைட்டமின் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அளவு மிகவும் குறைந்திருந்தது. இப்படிக் குறைவதற்குச் சர்க்கரை மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சர்க்கரைக்கு முதலில் தரும் மாத்திரை பெரும்பாலும் மெட்பார்மின்தான். நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் பல வருஷம் சாப்பிடும்போது, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 சத்து உறிஞ்சப்படுவதை அது குறைக்கக்கூடும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு உடனே தெரியாது. வருஷங்கள் கழித்துத்தான் சோர்வு, மறதி, பாதத்தில் எரிச்சல் என்று தலைகாட்டும். பி12 காய்கறியில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. அதனால் சைவம் சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2022-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் மெட்பார்மினால் பி12 குறையலாம் என்று எச்சரித்தது.

இதைக் கேட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது, பி12-ம் பார்க்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.