அலை திரும்பவும் கொண்டுவராதா?

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஊர்த் தம்பி ஒருவர், மேல்நிலைப் பள்ளி மாணவர், சனிக்கிழமைதோறும் விடிந்ததும் சாக்கும் கையுமாகக் கடப்புறத்தில் குப்பை பொறுக்குவதை நீங்கள் அறிவீர்கள். பெயரைச் சொல்லவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அவரைக் கண்ட பெரியவர்கள் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "மக்கா, இன்னைக்கு நீ பொறுக்கினா நாளைக்கு அலை திரும்பக் கொண்டுவராதா?" கேலியாகக் கேட்டவரும் உண்டு. ஆனாலும் கடலை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. தக்க பதில் சொல்லியாக வேண்டும்.

கொண்டுவரும். அதில் ஐயமில்லை. மும்பையில் வெர்சோவா என்றொரு கடற்கரை உண்டு. 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் அப்ரோஸ் ஷா என்னும் இளம் வழக்கறிஞர், முதிய அயலவர் ஒருவரை மட்டும் துணைக்கழைத்துக்கொண்டு அங்கே குப்பை பொறுக்கத் தொடங்கினார். பின்னர் வாரந்தோறும் நூற்றுக்கணக்கானோர் கூடினர். 2018 மார்ச்சில் அதே மணலிலிருந்து பங்குனி ஆமைக் குஞ்சுகள் வெளிப்பட்டுக் கடலுக்குள் இறங்கின. அதன் பின்னும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அங்கே குப்பை வந்து குவியத்தான் செய்தது. அவர்களும் பொறுக்கத்தான் செய்தார்கள்.

அப்படியானால் பயன் என்ன? இதை நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். மணலில் கிடக்கும் பிளாஸ்டிக் பை மக்குவதில்லை. வெயிலில் காய்ந்து நொறுங்குகிறது. கடலுக்குள் கிடப்பதைவிடச் சுடுமணலில் கிடப்பது விரைவாக நொறுங்கும். இன்று கையால் எடுத்தால் அது ஒரு பை. விட்டுவிட்டால் ஆயிரமாயிரம் துகள். அத்துகளை எந்தத் தம்பியாலும் பொறுக்க இயலாது. மீனின் வயிறுதான் பொறுக்கும். ஆகவே நாளைக்கு அலை கொண்டுவருவது வேறு குப்பை. இன்று எடுத்தது எடுத்ததுதான்.

பொறுக்க முடியாத குப்பை எப்படியிருக்கும் என்று நாமே கண்டோம். 2025 மே 25-ஆம் நாள் கொச்சிக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியதே, சில நாட்களுக்குள் ஜவ்வரிசி போன்ற வெண்மணிகள் நம் குமரிக் கரையிலும் ஒதுங்கின. பிளாஸ்டிக் சாமான் வார்ப்பதற்கான மூலப்பொருள் அது. 2021-இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றியபோது, அத்தகைய மணிகள் சுமார் 1,680 டன் அதில் இருந்தன. மணலைச் சல்லடையில் சலித்துச் சலித்து மக்கள் களைத்தனர்.

ஆனால் கப்பல்காரன்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு வீடு திரும்ப நமக்கு உரிமையில்லை. தம்பி தம் நோட்டில் குறித்து வைத்திருப்பதை வாங்கிப் பார்த்தேன். பால் கவர், மிட்டாய்த் தாள், தண்ணீர்ப் புட்டி ஆகியவை ஆற்று வழியாக வருவன. குழித்துறையாறு தேங்காப்பட்டணத்திலும், வள்ளியாறு கடியப்பட்டணத்திலும், பழையாறு மணக்குடியிலும் கடலில் சேர்கின்றனவே, மேட்டூர்க்காரர் வீசியதெல்லாம் நம் வாசலுக்கு வருகிறது. சரி. ஆனால் அந்த நோட்டில் அடிக்கடி வருவது எது தெரியுமா? தங்கூசித் துண்டும் அறுந்த வலையும். அது நம்முடையது, ஐயா! நம் பாட்டன்மார் வலித்த பருத்தி வலை அறுந்து விழுந்தால் கடலிலேயே மக்கிப்போகும். நைலான் வலை மக்காது. உரியவன் கைவிட்ட பிறகும் அது மீனைப் பிடித்துக்கொண்டேயிருக்கும், ஆமையையும் பிடிக்கும். விற்க ஆளில்லாத மீன், தின்ன ஆளில்லாத மீன். நம் பிள்ளைகளின் பங்கு அப்படி அழிகிறது.

திருவிழா மறுநாள் நம் கடப்புறம் கிடக்கும் கோலத்தைப் பற்றியும் பேசலாம். 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைக்கும் தடை உண்டு. நம் அன்னதானப் பந்தலுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும்.

இளைஞர்களுக்குச் செய்முறையாகச் சில சொற்கள். சேர்த்த குப்பையைக் கரையிலேயே கொளுத்தாதீர்கள். உருகி மணலோடு கட்டியாகிவிடும், புகையோ நஞ்சு. ஊசி, உடைந்த கண்ணாடி கண்டால் வெறுங்கையால் தொடவேண்டாம். கடற்பாசியையும் அடம்பங்கொடியையும் குப்பையென்று வாரிவிடாதீர்கள். பாசியில் சிறு உயிர்கள் பிழைக்கின்றன, கொடி மணலைப் பிடித்து நிறுத்துகிறது. கரையை வீட்டு முற்றம்போல் பெருக்க வேண்டியதில்லை. எடுத்ததை எண்ணி எழுதுங்கள். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய துப்புரவுப் பணியிலும் எண்ணி எழுதினார்கள். அதிலிருந்துதான் ஆண்டுதோறும் செப்டம்பரில் பல நாடுகளில் நடக்கும் கடற்கரைத் துப்புரவு நாள் வளர்ந்தது. கணக்கு கையிலிருந்தால்தான் ஊராட்சியிடமும் வலைக்காரரிடமும் பேச வாயுண்டு.

இனி ஒரு செய்தி. இந்தத் தம்பிக்கு இவ்வாண்டு பொதுத்தேர்வு. காலையில் படிக்கட்டும் என்று தாயார் சொல்லுகிறார், நியாயந்தான். அது முடிந்தால் கல்லூரிக்கு வெளியூர் போவார். நோட்டையும் இரண்டு சாக்கையும் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். அவற்றை இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். தங்கூசி வெட்ட ஒரு கத்தரிக்கோலும் கையுறையும் வாங்கித்தரப் பங்குப்பேரவையினர் இசைந்துள்ளனர். அறுந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவந்தால் போட்டுவைக்க ஏலக்கூடத்தின் ஓரத்தில் இடம் கேட்டிருக்கிறோம். வரும் சனிக்கிழமை காலை 6 மணிக்கு, கொடிமரத்தருகே. நோட்டை எடுத்துக்கொள்பவர் கூட்டம் முடிந்ததும் பெயர் தரலாம்.